அப்பாவின் தோள்பட்டை: ஒகேனக்கல் மாலிஷா, தொக்கணமா, பிசியோவா?

மாந்தோப்பு

வணக்கம். எங்களுக்குக் காரிமங்கலம் பக்கம். அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாக மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டியில் கூடை தூக்கியவர். மீதி நாளெல்லாம் சொந்தக் காட்டில் வேலை. நான்கு மாதமாக வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. சட்டை போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் இடது கையால் வலது கையைப் பிடித்து உள்ளே நுழைக்கிறார். முதுகுக்குப் பின்னால் கை போகவே போகாது. ராத்திரி தெரியாமல் அந்தப் பக்கம் புரண்டு படுத்துவிட்டால் விடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறார். சர்க்கரை எட்டு வருடமாக இருக்கிறது.

அம்மா, "ஒகேனக்கல் கூட்டிட்டுப் போய் ரெண்டு மாலிஷ் போட்டா சரியாப் போயிடும்" என்கிறார். சித்தப்பா சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பார் என்கிறார். நான் ஓசூரில் வேலை செய்கிறேன், கூட வேலை செய்பவர் "டீப் டிஷ்யூ மசாஜ் போடுங்க, ஒரே தடவையில் இறங்கிடும்" என்கிறார். இதெல்லாம் ஒன்றேதானா, வேறு வேறா? எதற்கு எது? வலியில் இருக்கிற மனிதரை வைத்துச் சோதனை செய்ய எனக்கு மனம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சின்னாறு

தம்பி, நான் பென்னாகரம். என் பெரிய மாமா ஒகேனக்கல்லில் மாலிஷ் செய்பவர். சின்ன வயதில் அவருக்கு எண்ணெய்ப் புட்டி தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், அதனால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வருகிறவரைப் பாறைமேல் உட்கார வைத்து முதலில் தலையில்தான் எண்ணெய் வைப்பார். உச்சியில் ஊற்றி, உள்ளங்கையால் மெதுவாகச் சூடு ஏறும்வரை தேய்ப்பார். அப்புறம் பிடரியில் இரண்டு கட்டைவிரலையும் வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பார். ஏன் மாமா சும்மா இருக்கீங்க என்று ஒருமுறை கேட்டேன். "ஆளு மூச்சை விடட்டும்டா, அதுக்கப்புறம்தான் சதை கை கொடுக்கும்" என்றார். பிறகு குப்புறப் படுக்க வைத்து முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மேலிருந்து கீழே இழுப்பார். தண்டின் எலும்பு மேல் கை போகாது. கடைசியாகக் கையைக் குழித்துக்கொண்டு முதுகு முழுக்கத் தட்டுவார். அருவிச் சத்தத்தையும் தாண்டி அந்த டப் டப் கேட்கும். அப்படியே போய் அருவியில் நின்றால் எண்ணெயும் அலுப்பும் சேர்ந்து இறங்கும்.

நெல் அறுத்தவர், கல் உடைத்தவர், ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டியவர், இவர்களுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. ஆனால் உங்கள் அப்பாவுக்கு இருப்பது அலுப்பு மாதிரித் தெரியவில்லை. தூக்க முடியாத கையை மாமா ஒருநாளும் பிடித்து இழுத்ததில்லை. "பூட்டு விழுந்த கை, டாக்டர்கிட்ட காட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாரும் அப்படி அனுப்புவார்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

பிசியோ_தருமபுரி

சின்னாறு சொன்ன மாமாவின் கையைக் கும்பிட வேண்டும். நான் பதினொரு வருடமாகப் பிசியோதெரபி செய்கிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது இந்தக் கதையோடு வருகிறார்கள்.

மாந்தோப்பு, வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, கையை முழுவதும் தளர விடச் சொல்லுங்கள். நீங்கள் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். வலிக்கிற இடத்தில் நின்றுவிட வேண்டும், தள்ளக் கூடாது. பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். அவராகத் தூக்கினாலும் நீங்கள் தூக்கினாலும் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறதென்றால், வெளிப்பக்கம் திரும்பவே இல்லையென்றால், அது பெரும்பாலும் ஃப்ரோசன் ஷோல்டர், உறைந்த தோள். நீங்கள் தூக்கினால் போகிறது, அவரால் மட்டும் தூக்க முடியவில்லை என்றால் தசைநார் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடை தூக்கியவர் என்பதால் அதற்கும் வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டித்தான் ஆக வேண்டும்.

உறைந்த தோளில் கெட்டுப்போனது தசை இல்லை. தோள் மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது, அது வீங்கித் தடித்துச் சுருங்கிவிடுகிறது. 40லிருந்து 60 வயதுக்குள் அதிகம் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். முதலில் வலி ஏறும் காலம், பிறகு வலி குறைந்து இறுக்கம் நிற்கும் காலம், கடைசியில் மெல்ல இளகும் காலம். மொத்தம் ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம்வரை இழுக்கலாம். மேலே சதையை எவ்வளவு பிசைந்தாலும் அந்தப் பை திறக்காது. வலி ஏறும் காலத்தில் பிடித்து இழுத்தால் வீக்கம் கூடி, இருக்கிற அசைவும் போகும்.

அப்படியானால் கையால் ஒன்றுமே செய்யக் கூடாதா? செய்யலாம். தோள் வலிக்கிறது என்று கழுத்தையும் மேல் முதுகையும் நான்கு மாதம் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பார் இல்லையா, அந்தத் தசைகளை மெதுவாக நீவி விட்டால் தூக்கம் வரும். அது பெரிய உதவிதான். ஆனால் கையைத் தூக்க வைப்பது பயிற்சியும் மருந்தும்தான். தேவைப்பட்டால் மருத்துவர் மூட்டுக்குள் ஊசி போடுவார். அந்த ஊசியால் சில நாள் சர்க்கரை ஏறும், அதை முன்கூட்டியே அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

மாந்தோப்பு

ரொம்ப நன்றி அண்ணா. இன்று சாயந்திரம் செய்து பார்த்தேன். நான் தூக்கினாலும் தோள் உயரத்துக்குக் கீழேயே நிற்கிறது. வெளிப்பக்கம் கொஞ்சமும் திரும்பவில்லை. திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன்.

அந்த டீப் டிஷ்யூ என்பது என்ன? ஸ்பா பலகையில் ஸ்வீடிஷ், தாய் (தாய்லாந்து) என்று பத்துப் பெயர் எழுதியிருக்கிறார்கள்.

பிசியோ_தருமபுரி

ஸ்வீடிஷ் என்பதுதான் உலகம் முழுக்க அடிப்படை. ஸ்வீடன்காரர் பெர் ஹென்றிக் லிங் 1813ல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கியவர், அதனால் பெயர் அவர் நாட்டின்மேல் ஏறிவிட்டது. ஆனால் இன்று பாடப் புத்தகத்தில் இருக்கும் கை அசைவுகளை வகை பிரித்தவராகச் சொல்லப்படுபவர் யோஹான் மெட்ஸ்கர் என்ற நெதர்லாந்து மருத்துவர். நீண்டு நீவுவது, பிசைவது, ஒரே இடத்தில் அழுத்தித் தேய்ப்பது, தட்டுவது, அதிர விடுவது. சின்னாறு சொன்ன மாமாவின் கையில் இந்த ஐந்தில் பெரும்பாலானவை இருக்கும்.

டீப் டிஷ்யூ என்றால் அதே அசைவுகளை மேல் தசையைத் தாண்டி உள் அடுக்கு வரைக்கும் மெதுவாகக் கொண்டு போவது. 'மெதுவாக' என்பதுதான் இதில் உயிர். நம் ஊரில் பலர் இதை 'வலிக்க வலிக்க அழுத்துவது' என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். வலி பொறுக்காமல் தசை இறுகிக்கொண்டால் கை உள்ளே போகவே போகாது, தோலில் கன்றிப்போன நீலம்தான் மிச்சம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதைச் செய்யவே கூடாது.

அப்புறம் டிரிகர் பாயின்ட் என்று ஒன்று. தசைக்குள் ஒரு கடலை அளவு முடிச்சு இருக்கும், அதை அழுத்தினால் வலி வேறு இடத்தில் தெரியும். தோள்பட்டை மேல் தசையில் அழுத்தினால் நெற்றிப்பொட்டில் வலி தெறிக்கும், பலர் அதைத் தலைவலி என்றே நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார்கள். அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல் இந்த வலி எங்கிருந்து எங்கே போகிறது என்று உடம்பு முழுக்க வரைபடம் போட்டார். ஜான் கென்னடிக்கு முதுகுவலி பார்த்தவர் அவர்தான். அந்த முடிச்சு உண்மையில் என்ன என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் இருக்கிறது. ஆனால் அழுத்தும்போது ஆள் "ஆமா, அதே வலிதான்" என்று சொல்வதை நான் தினம் கேட்கிறேன்.

விளையாடுகிற பையன்கள் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஓடி முடித்த மறுநாள் வரும் சதை வலி லாக்டிக் அமிலம் தேங்கியதால் இல்லை. அந்த அமிலம் ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கரைந்து போய்விடும். ஆகவே மசாஜ் அமிலத்தை வெளியேற்றுகிறது என்பது தவறு. வலி உணர்வைக் குறைக்கிறது, அது உண்மை.

வேம்பு

சித்த மருத்துவம் படித்தவள் என்ற முறையில் தொக்கணத்தைப் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குழந்தைக்குச் சோறு சிக்கிவிட்டது என்று வாயால் ஊதி 'தொக்கம் எடுப்பது' வேறு, இது வேறு. தயவுசெய்து இரண்டையும் கலக்க வேண்டாம்.

சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகுத்திருக்கிறார்கள். அந்தப் புற மருந்துகளில் ஒன்றுதான் தொக்கணம், அதாவது கையால் உடம்பை நீவிப் பிடித்துவிடும் சிகிச்சை. அதில் ஒன்பது விதம்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். பிசியோ அண்ணா சொன்ன ஐந்தோடு வைத்துப் பாருங்கள், தட்டலும் அழுத்தலும் அசைத்தலும் அப்படியே இருக்கின்றன. கட்டலும் மல்லாத்துதலும் அங்கே இல்லை. கைகளால் உடம்பைக் கட்டிப் பிடிப்பதும் ஒரு சிகிச்சை என்று இதில் எழுதி வைத்திருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

நடைமுறையில் வாத நோய்களுக்குத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவர்கள், கழுத்து எலும்புத் தேய்மானம், மூட்டு இறுக்கம். எண்ணெயை நோய் பார்த்துத் தேர்வு செய்வோம், வெதுவெதுப்பாகச் சூடாக்கித்தான் கை வைப்போம். அதோடு ஒற்றடம், இலையைத் துணியில் கட்டி வதக்கிக் கொடுக்கும் பொட்டணம் ஆகியவையும் சேரும். நொச்சி இலையும் தழுதாழையும் நம் ஊர் வேலியிலேயே கிடைக்கும். கேரளத்தில் கிழி என்று சொல்வது இதன் உறவுதான். அங்கே பிழிச்சல் என்ற சிகிச்சையில் மட்டும் எண்ணெயைத் துணியில் நனைத்து உடம்பின்மேல் பிழிந்து விட்டுக்கொண்டே தேய்ப்பார்கள்.

வர்மம் தனி, அது உடம்பில் உள்ள உயிர்நிலைப் புள்ளிகளைப் பற்றியது. 108 வர்மங்கள், அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். எந்த இடத்தில் எத்தனை விரலால் எவ்வளவு நேரம் எவ்வளவு மாத்திரை (அழுத்தத்தை அளக்கும் அளவு) என்று கணக்கு உண்டு. வீடியோவைப் பார்த்து வீட்டில் செய்ய இது ஏற்றது கிடையாது. ஆசானிடமோ படித்த மருத்துவரிடமோதான்.

உங்கள் அப்பா விஷயத்தில் பிசியோ சொன்னதோடு நான் உடன்படுகிறேன். வலி ஏறும் காலத்தில் இழுத்தலும் முறுக்கலும் கூடாது. ஒற்றடம் கொடுக்கலாம். அரசு மருத்துவமனை சித்தா பிரிவுகளில் எண்ணெய் கிடைக்கும், காசு கிடையாது.

ஓசூர்_ஷிப்ட்

இதைப் படிக்கிறவர்கள் யாராவது முடி வெட்டப் போனால் தயவுசெய்து கழுத்தை நொடிக்க விடாதீர்கள். போன வருடம் நைட் ஷிப்ட் முடித்து ஒரு சலூனில் உட்கார்ந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து நன்றாகத்தான் தட்டினார். கண் மூடிவிட்டேன். திடீரென்று தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை, ஒரே திருப்பு. சத்தம் கேட்டது. அன்றைக்குச் சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை எழுந்தால் அறை சுற்றுகிறது, இடது கை விரல் இரண்டு மரத்துவிட்டது. மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. கழுத்து எலும்புக்குள் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் இருக்கிறது, வேகமாகத் திருப்பினால் அதன் உள்சுவர் கிழியலாம், கிழிந்தால் பக்கவாதம்வரை போகும் என்று டாக்டர் சொன்னபோதுதான் பயம் வந்தது. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை, அவருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உட்காரும்போதே "கழுத்து வேண்டாம்ணே" என்று சொல்லிவிடுங்கள், போதும்.

பாலக்கோடு_மகள்

அம்மாவுக்கு மூன்று வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய் அறுவை. அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கத்துக் கை வீங்கத் தொடங்கியது, வளையல் ஏறவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அன்பாகத்தான் வந்து அழுத்திப் பிடித்துவிட்டார். வீக்கம் இன்னும் கூடிவிட்டது.

அப்புறம்தான், இப்படித் தேங்கும் நிணநீரை வடிய வைக்கும் நிணநீர் வடிப்பு மசாஜ் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் உருவாக்கியதாம். அதில் அழுத்தமே கிடையாது. அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் என் கையிலேயே செய்து காட்டினார். பச்சைக் குழந்தையின் கன்னத்துத் தோலை நகர்த்துவதுபோல, தோலை மட்டும் கொஞ்சம் இழுத்து விடுவது. நிணநீர்க் குழாய்கள் தோலுக்கு உடனே கீழே இருப்பதால், கனமாக அழுத்தினால் அவை நசுங்கி மூடிக்கொள்ளுமாம். இன்னொன்று, வீங்கிய கையில் ஆரம்பிக்கக் கூடாது. முதலில் கழுத்து, பிறகு எதிர்ப்பக்கத்து அக்குள், பிறகு தோள், கடைசியில்தான் கை. மேலே வழி திறந்துவிட்டால்தானே கீழே தேங்கியது வரும். ஏரி மதகைத் திறக்காமல் வாய்க்காலைத் தள்ளி என்ன பயன் என்று அம்மாவே சொல்லிக்கொண்டார்.

அதோடு கைக்கு இறுக்கத் துணி சுற்றுகிறார், வாரம் ஒருமுறை டேப் வைத்து மணிக்கட்டிலும் முழங்கையிலும் அளந்து காலண்டரில் எழுதுகிறோம். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் மசாஜை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி. யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கும் இதுபோன்ற பராமரிப்பு உதவும் என்றார்கள். யாராவது வீட்டில் இப்படி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

என்ஹெச்44

நான் லாரி. தொப்பூர் கணவாயை எத்தனை தரம் ஏறி இறங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு செய்தி. நாக்பூர் லோடு முடித்து வந்த ஒரு நண்பருக்கு இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. பிடிப்பு என்று நினைத்து வண்டியிலேயே கிளீனர் பையனைத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, தாபாவில் இறங்கியபோது ஒரு நர்ஸம்மா பார்த்துத் தடுத்துவிட்டார். காலின் இரத்தக் குழாயில் இரத்தக் கட்டி. தேய்த்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அங்கேயே ஆளை முடித்துவிடும் என்றார்கள். நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இது வரும். இரண்டு காலும் வலித்தால் பெரும்பாலும் அலுப்பு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் கை வைக்காதீர்கள்.

பிசியோ_தருமபுரி

என்ஹெச்44 சொன்னதை எல்லாரும் வீட்டில் சொல்லி வையுங்கள். அறுவை முடிந்து படுக்கையில் இருப்பவர்கள், பிரசவமான பெண்கள், இவர்களுக்கும் அதேதான். காய்ச்சல், தோலில் சீழ்ப் புண், புதிதாக ஏற்பட்ட அடி, எலும்பு முறிவுச் சந்தேகம் இருந்தாலும் மசாஜ் வேண்டாம்.

ஊத்தங்கரை_அம்மா

பேத்திக்கு நாலு மாசம். எங்க காலத்துல காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறப் போட்டு, தேங்காயெண்ணெய் தேய்ச்சு, மூக்கைப் பிடிச்சு விட்டு, மூக்குலயும் காதுலயும் ரெண்டு சொட்டு விட்டு ஊதி, சுடுதண்ணியில குளிப்பாட்டுவோம். இப்போ மருமகள் மூக்குல எண்ணெய் விடக் கூடாதுன்னு சொல்றா. உரம் விழுந்து பிள்ளைக்குக் கழுத்து பிடிச்சுக்கிட்டா புடவையில போட்டு ரெண்டு பேரு உருட்டக் கூடாதுங்கறா. எதைச் செய்யலாம், எதை விடணும்னு யாராவது சொல்லுங்க. பிள்ளைக்கு நல்லதுன்னா நான் மாத்திக்கறேன்.

வேம்பு

அம்மா, உங்கள் கடைசி வரியைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் தேய்ப்பது அருமையான விஷயம், விடவே வேண்டாம். குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தினம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், 10 நாள் தடவிக் கொடுத்ததில் மற்றக் குழந்தைகளைவிட எடை 47 சதவீதம் கூடுதலாக ஏறியது என்று டிஃபனி ஃபீல்ட் என்பவர் அமெரிக்காவில் 1986ல் எழுதினார். உங்கள் கால்மேல் பிள்ளையைப் போட்டுத் தேய்த்தது அதே காரியம்தான். தேங்காயெண்ணெய் தோலுக்கும் நல்லது. கடுகெண்ணெய் வேண்டாம்.

விட வேண்டியது, மூக்கிலும் காதிலும் எண்ணெய். மருமகள் சொல்வது சரி. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒரு வகை நிமோனியா வரும், அது இலேசில் குணமாகாது. வாயால் ஊதுவதும் வேண்டாம். பிறந்த பிள்ளையின் மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பார்களே, அதையும் செய்யக் கூடாது, சீழ் கட்டும். மூக்கைப் பிடித்து நீட்டுவதால் மூக்கு எடுப்பாக வளராது. உரத்துக்குப் புடவையில் உருட்டுவதும் தலைகீழாகப் பிடித்து உதறுவதும் ஆபத்து, பிள்ளையின் கழுத்து அந்த வேகத்தைத் தாங்காது. ஓயாமல் அழுதால், கழுத்து ஒரு பக்கமே சாய்ந்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி வயிற்றில் தொப்புளைச் சுற்றி வலஞ்சுழியாக மெதுவாகத் தடவிப் பாருங்கள், வாயு பிரியும்.

வாத்தியார்_பென்னாகரம்

இவ்வளவு நேரம் பேசியதில் நம் தருமபுரி மாவட்டத்துக்கு முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. ஃபுளோரைடு. நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்தே வளர்ந்த தலைமுறை நாங்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல்லில் மஞ்சள் பழுப்புக் கறை இருந்த காலம் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்த பிறகு பிள்ளைகள் தப்பித்தார்கள். ஆனால் ஐம்பது அறுபது வயதுக்காரர்களின் எலும்பில் அது ஏற்கெனவே இறங்கிவிட்டது.

குறுக்கு வலி, முழங்கால் வலி, காலையில் எழுந்தால் உடம்பு மரக்கட்டை மாதிரி, என்று சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் எண்ணெய் தேய்ப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர். அது வாயுவும் இல்லை, பிடிப்பும் இல்லை. தசைநார்கள் சுண்ணாம்பாகி எலும்போடு எலும்பு ஒட்டுகிறது. முகாமில் வந்த மருத்துவர்கள் மூன்று சோதனை சொல்லிக்கொடுத்தார்கள். முழங்காலை மடக்காமல் தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா? தாடை நெஞ்சைத் தொடுகிறதா? இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, மடக்கிப் பிடரியைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே, சிறுநீர்ச் சோதனை. அந்த முதுகின்மேல் ஏறி மிதிக்கச் சொல்வதும், குறுக்கைப் பிடித்து முறுக்கச் சொல்வதும் கூடாது. பார்க்கக் கெட்டியாக இருக்கும் அந்த எலும்பு எளிதில் உடையும். இதமாக எண்ணெய் தடவி வெந்நீர் ஊற்றுவது வலியைத் தணிக்கும். முதல் மருந்து தண்ணீரை மாற்றுவது.

மாந்தோப்பு, அப்பாவுக்கும் அந்தக் காசுச் சோதனையைச் செய்து பாருங்கள். காரிமங்கலம் பக்கமும் பழைய போர் தண்ணீர்தானே.

கைத்தொழில்

எனக்குச் சொந்த ஊர் பர்கூர். பெங்களூரில் மசாஜ் நிலையத்தில் ஆறு வருடமாக வேலை. இந்தத் தொழிலைச் சொன்னாலே ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். இங்கே மரியாதையாகப் பேசுகிறீர்கள், அதனால் எழுதத் தோன்றியது.

தாய் மசாஜில் எண்ணெய் இல்லை. தளர்வான உடை போட்டுக்கொண்டு தரைப் பாயில் படுப்பார்கள். நாங்கள் கட்டைவிரல், முழங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றாலும் அழுத்தி, உடம்பை மடக்கி நீட்டி விடுவோம், மற்றவர் நமக்கு யோகாசனம் செய்து விடுவதுபோல. 2019ல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு இடுப்பும் தொடையும் இளகும். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்களுக்கும் எலும்பு தேய்ந்த வயதானவர்களுக்கும் நான் செய்ய மாட்டேன். ஷியாட்சு ஜப்பானுடையது, அந்தச் சொல்லுக்கே விரல் அழுத்தம் என்றுதான் பொருள். பாதத்தில் அழுத்தினால் கல்லீரல் சரியாகும், சிறுநீரகம் சரியாகும் என்று படம் மாட்டியிருப்பார்கள். பாதத்துக்குச் சுகம், தூக்கம் வரும். அதற்குமேல் நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

நல்ல கையை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், கை வைக்கும் முன் கேள்வி கேட்பவரிடம் போங்கள். சர்க்கரை, பிரஷர், அறுவை, என்ன மாத்திரை, எங்கே வலி. அழுத்தம் போதுமா என்று நடுவிலும் கேட்க வேண்டும். நிறுத்து என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். மூடியிருக்க வேண்டிய இடம் துண்டால் மூடியிருக்க வேண்டும். பெண்கள் பெண்ணையே கேட்கலாம், தயங்க வேண்டாம். ஒகேனக்கல்லிலும் பெண்களுக்குத் தேய்த்துவிடப் பெண்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. தேய்ப்பவர் கையையும் நினைத்துக்கொள்ளுங்கள். என் வலது கட்டைவிரல் மூட்டு இப்போதே பொத்தான் போடும்போது வலிக்கிறது.

சின்னாறு

மாமாவுக்கும் அப்படித்தான் அக்கா. இரண்டு கட்டைவிரலும் வளைந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், அன்றைக்கு வேலையும் கிடையாது. அந்த நாட்களில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

மாந்தோப்பு

எல்லாருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது. டாக்டர் பார்த்தார், உறைந்த தோள்தான். எக்ஸ்ரேயில் வேறு ஒன்றும் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.4 சதவீதம் இருந்தது, அதற்கு மருந்தை மாற்றியிருக்கிறார். வாத்தியார் சொன்ன காசுச் சோதனையில் அப்பா தேறிவிட்டார். முழங்காலை மடக்காமலே எடுத்தார்.

பிசியோவில் இரண்டு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது ஒன்று. சுவரில் விரல்களால் நடந்து மேலே ஏறுவது இன்னொன்று. மாட்டுக்கொட்டகைச் சுவரில் எட்டிய இடத்தில் அம்மா கரிக்கட்டியால் கோடு போடுகிறார். ஐந்து வாரத்தில் நான்கு விரற்கடை ஏறியிருக்கிறது.

ஒகேனக்கல்லும் போய் வந்தோம். சின்னாறு அண்ணா வழி சொன்னதால் அவர் மாமாவிடமே போனோம். வலது தோளைத் தொட வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அவரே அப்பா சட்டை கழற்றுவதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கையை விட்டுடலாம், மத்ததுக்கு வாங்க" என்றார். தலை, கழுத்து, இடது பக்கம், கால் மட்டும் தேய்த்தார். அன்று ராத்திரி அப்பா ஆறு மணி நேரம் எழுந்திருக்காமல் தூங்கினார். நாங்கள் மாறி மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

பயிற்சிக்கு முன்னால் வெந்நீர் ஒத்தடம் எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்?

பிசியோ_தருமபுரி

15 நிமிடம் போதும். அதைவிட அதிகம் வேண்டாம். சர்க்கரை உள்ளவர் என்பதால் தோலில் சூடு தெரியாமல் போகலாம், அதனால் துணியை முதலில் உங்கள் முன்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு அவருக்கு வையுங்கள். ஒத்தடம் எடுத்த உடனே, தோள் ஆறுவதற்குள் பயிற்சியை ஆரம்பித்துவிட வேண்டும். அந்தச் சுவர்க் கோடுகளுக்குப் பக்கத்தில் தேதியும் எழுதச் சொல்லுங்கள் அம்மாவிடம்.